பூச்சுக்குள் மறைந்த நாணயம்

வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை நாம் ஒரு வீட்டிற் போடுகின்றோம். ஆயின், கட்டியவரின் நாணயம் பூச்சுக்குள் மறைந்துவிடுகின்றது. கழுவாத கடல்மணலின் உப்புக் கம்பியை அரிக்கும். 1:2:4 என்ற கலவையிற் சீமெந்து குறைந்தால் கொங்கிறீட் வலுவிழக்கும். 7 நாளாவது ஈரங் காக்காவிடின் வெடிப்பு விழும். குடிபுகும் நாளில் இவை எவர் கண்ணுக்கும் புலப்படா.

ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன்னரே பாபிலோனிய மன்னன் ஹமுராபி, சுவர் சரியுமாயின் கட்டியவனே தன் செலவில் அதனை உறுதிப்படுத்த வேண்டுமென விதித்தான். வீடு இடிந்து உடையவன் இறந்தாலோ, கட்டியவனுக்கு மரணதண்டனை!

அத்துணைக் கடுமை நமக்கு வேண்டாம். அத்திவாரத்தை மூடுமுன் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டும் ஒப்பந்தகாரரே நமக்கு வேண்டும். அத்தகையவரைத் தேடும் நாம், நியாயமான விலையையும் அவருக்குக் கொடுத்தல் வேண்டும். அடிமாட்டு விலை பேசிவிட்டு அறத்தை எதிர்பார்ப்பது முறையாகுமா?