உங்களுக்குத் தெரியுமா? ரோலர் கோஸ்டரும் செங்கல் சூளையும் ஒரே ஊரில்!

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கோடையில் போகும் தாத்தா பாட்டி, "ரைடு போகணும்" என்று அடம்பிடிக்கும் பேரப்பிள்ளைகள், நடுவில் லீவு கிடைக்காமல் திண்டாடும் அப்பா அம்மா. மூன்று தலைமுறையும் ஒரே காரில் ஏறினால் எங்கே போவது? வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் என்று தயங்காமல் சொல்வேன். வாஷிங்டனிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர்தான். கிளம்பும் முன் சில சேதிகள்.

● 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர் இது. தலைநகர் ரிச்மண்டுக்குப் போனதும் பெரிதாக வளராமல் அப்படியே நின்றுவிட்டது. அதனாலேயே பழைய வீடுகள் தப்பின. இன்று 301 ஏக்கர் பரப்பில், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் எண்பதுக்கும் மேல் அசலாகவே நிற்கின்றன.

● ஊரை மீட்க வேண்டும் என்று கனவு கண்டவர் குட்வின் என்ற பாதிரியார். பணம் கொடுத்தவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். வாங்குவது ராக்ஃபெல்லர் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? அதனால் 1926இல் முதல் வீட்டை வாங்கச் சம்மதம் தந்த தந்தியில் அவர் தன் பெயரைப் போடவில்லை. "டேவிடின் அப்பா" என்று கையெழுத்திட்டார். டேவிட் அவருடைய கடைசி மகன், அப்போது 11 வயது. பணம் யாருடையது என்பது 1928இல்தான் ஊர்மக்களுக்குத் தெரிந்தது.

● ஆளுநர் மாளிகை 1781இல் எரிந்து போனது. அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு செப்புத்தகடு, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் கிடைத்தது. அதில் செதுக்கியிருந்த படத்தையும், தாமஸ் ஜெஃபர்சன் தன் கையால் வரைந்து வைத்திருந்த தரைப்படத்தையும் வைத்துத்தான் மாளிகையை மறுபடி எழுப்பினார்கள். 1934இல் திறந்தார்கள்.

● தெருவில் நடக்கக் கட்டணம் கிடையாது! கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் உள்ளே போகத்தான் டிக்கெட். ஒரு மைல் நீளமுள்ள டியூக் ஆஃப் க்ளாஸ்டர் தெருவில் பகலில் கார் வராது. வயதானவர்கள் மரநிழலில் உட்கார்ந்து, குதிரைவண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

● எனக்கு மிகவும் பிடித்த இடம் செங்கல் அறுக்கும் களம். களிமண்ணில் தண்ணீர் விட்டுக் காலால் மிதித்துக் குழைக்கிறார்கள். கோடையில் பார்வையாளர்களையும் இறங்கச் சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றோடு குதிக்கும் பிள்ளைகளை வெளியே கூட்டிவருவதுதான் பெரிய வேலை. குழைத்த மண்ணை உருட்டி மர அச்சில் ஓங்கி அறைந்து, வழித்து, வெயிலில் காய வைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சூளை அடுக்கி, விறகு போட்டு இரவும் பகலும் எரிக்கிறார்கள். நம் ஊர்ச் சூளையை அறிந்த தாத்தா அங்கே பேரனுக்கு ஆசிரியராகிவிடுவார். பக்கத்துப் பட்டறைகளில் கொல்லர், பீப்பாய் செய்பவர், வண்டிச்சக்கரம் செய்பவர், பொய்முடி கட்டுபவர் எல்லோரும் உண்மையாகவே தொழில் செய்கிறார்கள். பல தொழில்களில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் பயிற்சி உண்டு. எனவே கேள்வி கேளுங்கள். மனம் விட்டுப் பதில் சொல்வார்கள்.

● 1770களில் இந்த ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். கறுப்பினக் குழந்தைகளுக்காக 1760இல் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடம், வேறொரு கட்டடத்துக்குள் மறைந்து கிடந்ததை 2020இல் உறுதிசெய்தார்கள். 2023இல் அதை அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றிப் பழைய ஊர்ப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். மாளிகையைப் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வராதீர்கள்.

● சில மைல் தூரத்தில் புஷ் கார்டன்ஸ், 1975இல் திறந்த கேளிக்கைப் பூங்கா. ஐரோப்பியக் கிராமங்கள் போல அமைத்திருக்கிறார்கள். இங்குள்ள 'லாக் நெஸ் மான்ஸ்டர்' 1978இல் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள் கொண்ட உலகின் முதல் ரோலர் கோஸ்டர். 'கிரிஃபன்' 205 அடி உயரம். உச்சியில் ஏறியதும் விளிம்பில் சில நொடிகள் நிறுத்தி, கீழே தரையைப் பார்க்கவைத்து, பிறகுதான் விடும்!

● லாக் நெஸ் மான்ஸ்டரில் ஏற 122 செ.மீ., கிரிஃபனுக்கு 137 செ.மீ. உயரம் வேண்டும். பிள்ளைகளை வீட்டுச் சுவரிலேயே நிறுத்தி அளந்துவிடுங்கள். வரிசையின் முனையில் போய் அழவைக்க வேண்டாம்.

● ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. 1607இல் ஆங்கிலேயர் குடியேறிய உண்மையான மண், 1994 முதல் அவர்களுடைய கோட்டையைத் தோண்டியெடுத்துவரும் இடம், ஒன்று. மாதிரிக் கோட்டையும் ஏறிப் பார்க்கக்கூடிய மூன்று மாதிரிக் கப்பல்களும் உள்ள இடம் மற்றொன்று. சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதற்குப் போங்கள்.

● ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் மூன்றையும் இணைக்கும் 23 மைல் கொலோனியல் பார்க்வேயில் லாரி ஓடாது, விளம்பரப் பலகை கிடையாது. பழைய ஊருக்கு அடியில் சுரங்கமாகப் போகும் சாலை இது.

● மூன்று நாளாவது ஒதுக்குங்கள். முதல் நாள் பழைய ஊர், இரண்டாம் நாள் பூங்கா, மூன்றாம் நாள் ஜேம்ஸ்டவுனும் யார்க்டவுனும். பூங்காவை முதலில் வைத்தால் பிள்ளைகளுக்கு மறுநாள் எதுவும் ருசிக்காது. பூங்கா எல்லா நாளும் திறந்திருக்காது. தேதியைப் பார்த்த பிறகே அறை எடுங்கள். ஜூலையில் சென்னை போலவே புழுங்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

● கடைசியாக ஒன்று. அமெரிக்க விடுதலைப் போரில், யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலப் படையின் தளபதி கார்ன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லி, துணைத் தளபதியை அனுப்பினார். அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாகப் பிடித்தார். தேனாம்பேட்டையின் செனடாஃப் ரோடு பெயர் பெற்றது அவருடைய நினைவு மண்டபத்தால். அடுத்த முறை பேரப்பிள்ளைகள் சென்னை வரும்போது கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். யார்க்டவுனில் தோற்றவரின் பளிங்குச் சிலை அங்கே இருக்கிறது.