கல்மரங்கள்: புவியியல் சான்றும் ஊர் வழக்கும் – திருவக்கரையை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் மண்ணில் புதைந்தும் வெளியே தெரிந்தும் கிடக்கும் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. கடலூர் மணற்கல் படிவுகளில் காணப்படும் இவற்றைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 18ஆம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்துள்ளார். இக்கல்மரங்கள் குறித்த புவியியல் விளக்கத்தையும் ஊர் வழக்கையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம் கல்லாகும் முறை

இறந்த மரம் திறந்தவெளியில் கிடந்தால் மட்கிவிடும். ஆற்று மணலும் வண்டலும் அதனை விரைந்து மூடினால் உயிர்வளி (ஆக்சிஜன்) தடைப்பட்டு, மட்குதல் மந்தமாகிறது. அந்நிலையில் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்தினுள் ஊடுருவி, செல்சுவர்களிலும் செல்லறைகளிலும் சிலிக்காவைப் படியச் செய்கிறது. நாளடைவில் மரப்பொருள் சிதைந்தாலும் அதன் உள்ளமைப்பு கல்லில் நிலைத்துவிடுகிறது. இதனாலேயே நுண்ணோக்கியின் துணையுடன் மரத்தின் குடும்பத்தை இன்றும் இனங்காண இயலுகிறது. இரும்பு ஆக்சைடுகள் இக்கற்களுக்குச் செம்மையும் மஞ்சளும் தருகின்றன.

திருவக்கரை அடிமரங்கள் வேரும் கிளையும் பட்டையும் இன்றிக் கிடைநிலையில் உள்ளன. ஆகவே, இவை இங்கேயே வளர்ந்தவையல்ல. வெள்ளத்தால் அடித்து வரப்பட்டவை எனப் புவியியலாளர் முடிவுசெய்கின்றனர்.

ஊர் வழக்கு

இவ்வூரிலுள்ள சந்திரமௌலீசுவரர் கோயில், தேவாரப் பாடல் பெற்ற தலமாகும். வக்கராசுரனைத் திருமால் அழித்ததாகத் தலபுராணம் கூறுகிறது. அவ்வசுரனின் எலும்புகளே கல்மரங்கள் என்பது ஊர் வழக்கு. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள, இவற்றினும் மிகப் பழமையான கல்மரங்களை நவஹோ மக்களும் கொல்லப்பட்ட அரக்கனொருவனின் எலும்புகள் என்றே கருதினர். அண்டை நிலத்துப் பையூட் மக்களோ அவற்றைத் தெய்வத்தின் அம்புத்தண்டுகள் என்றனர்.

தொடர்பற்ற இரு நிலங்களில் ஒரே கற்பனை தோன்றியதற்குக் கல்மரங்களின் புறத்தோற்றமே காரணமாகலாம். கிளையற்ற உருள்வடிவம், நீளவாட்டு வரிகள், குறுக்கே முறிந்த துண்டுகள் ஆகியன பேருடல் ஒன்றின் எலும்புகளை நினைவூட்டுகின்றன. புவியியலாளர் வெள்ளத்திற்குச் சான்றாகக் கொள்ளும் அதே கிளையின்மை, ஊராருக்கு எலும்பின் அடையாளமாகிறது.

முடிவுரை

காரணத்திலும் காலக்கணக்கிலும் இவ்விரு விளக்கங்களும் வேறுபடுகின்றன. எனினும், இக்கல் ஒருகாலத்தில் உயிருடன் இருந்தது என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. எனவே ஊர் வழக்கை அறியாமை என ஒதுக்காமல், உற்றுநோக்கலின் பதிவாகவும் கொள்ளுதல் தகும். கிடந்த இடமும் கிடந்த நிலையுமே இரு விளக்கங்களுக்கும் அடிப்படை. ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துச் செல்பவர் கல்லை மட்டுமன்றி அச்சான்றையும் அழிக்கிறார். ஆதலால் கல்மரங்களை அவை கிடக்கும் இடத்திலேயே காப்பதும், அவை பற்றிய வாய்மொழி வழக்குகளைத் தொகுப்பதும் ஒருசேர நிகழ வேண்டிய பணிகளாகும்.