18 வயதுக்குப் பின் யார் கையெழுத்து?

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கிறார் என்றால், அவருடைய பெற்றோரிடம் நாம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் முன் அந்த மாணவர் ‘மேஜர்’. அதுவரை இயற்கைப் பாதுகாவலர் என்ற முறையில் பெற்றோர் போட்டுவந்த கையெழுத்துக்கு அதன்பின் அந்தத் தகுதி இல்லை.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றும் நான் சந்திக்கும் பெற்றோரில் பலருக்கு இது தெரிவதில்லை. “பெத்தவங்க நாங்க உயிரோட இருக்கும்போது எங்களுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு தாய்க்கு இதற்கான பதில் வங்கியில்தான் கிடைத்தது. மகளுக்கு 18 வயது முடிந்ததும் சிறார் கணக்கில் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. மாதந்தோறும் உதவித்தொகை கணக்கில் ஏறியது; மருந்து வாங்க அதை எடுக்க முடியவில்லை. பாதுகாவலர் சான்று கிடைக்கும்வரை அவர் கடன் வாங்கித்தான் சமாளித்தார்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் அந்தத் தொகை இரண்டு மாதம் முடங்கினாலே சிகிச்சை தடைபடும்.

யாருக்குப் பாதுகாவலர் தேவை?

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கானது. இவர்களுக்காகப் பெற்றோரோ உறவினரோ பாதுகாவலர் நியமனம் கோரி விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அதைப் பரிசீலிக்கும். இவருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்ற இரண்டையும் குழு பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நான்கில் ஒரு பிரிவில் இருப்பதாலேயே எல்லாருக்கும் பாதுகாவலர் தேவை என்று பொருளல்ல. மூளை முடக்குவாதம் உள்ள மாணவர் ஒருவர் தன் வரவு செலவைத் தானே முடிவு செய்யக்கூடியவராக இருக்கலாம்.

பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு மட்டும் உள்ளவர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே நடத்த உரிமை உள்ளவர்கள். “பாதுகாவலரை அழைத்து வா” என்று யாராவது அவர்களைத் திருப்பி அனுப்பினால், அது தவறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

விண்ணப்பத்துக்கு முன்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் விண்ணப்ப வழிமுறையைச் சொல்வார்கள். மாற்றுத்திறனாளி சான்று, தனித்துவ அடையாள அட்டை, வயதுச் சான்று, விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

என் அனுபவத்தில், ஆவணம் இல்லாமல் நிற்கும் விண்ணப்பங்களைவிட ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பவையே அதிகம். ஆதாரில் முன்னெழுத்து ஒன்று, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. மாற்றுப்பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றில் இன்னொன்று. பள்ளிப் பதிவேடு நம் கையில் இருப்பதால், இதைச் சரிபார்க்கும் இடமும் பள்ளிதான். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் திருத்துவதற்குப் போதிய காலம் இருக்கும்.

இந்தச் சான்றை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் அனுமதிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2007ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தயங்கினால் பெற்றோர் இதைக் குறிப்பிடலாம்.

சான்று வாங்கிய பிறகு

சான்று கையில் வந்ததும் வேலை முடிந்ததாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால், பாதுகாவலருக்குச் சட்டம் மேலும் இரண்டு கடமைகளை வைத்திருக்கிறது.

முதலாவது, நியமிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். மாற்றுத்திறனாளியின் பெயரில் உள்ள வீடு, நிலம், அவருக்காகப் பெற்றுக்கொண்ட பணம், பொருள், அவருக்கு வர வேண்டியவை, அவர் தர வேண்டிய கடன் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு தர வேண்டும். மார்ச் 31 வரையிலான வரவு, செலவு, மீதம் ஆகியவற்றை ஜூன் 30க்குள் அளிக்க வேண்டும்.

‘கணக்கு’ என்றதும் பெற்றோர் மிரள்கிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும் என்று நான் சொல்வேன். ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். எடுத்துக்காட்டாக:

வரவு: உதவித்தொகை – ரூ.2,000
செலவு: மருந்து – ரூ.640
இயன்முறை சிகிச்சைக்குச் சென்றுவர ஆட்டோ – ரூ.480
டயப்பர் – ரூ.550
மீதம்: ரூ.330

மருந்துக்கடை ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது. தேதியும் சென்ற இடமும் எழுதினால் போதும். குடும்பச் செலவுக்கான பணத்தையும் பிள்ளையின் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்காமல் இருந்தால் பாதிச் சிக்கல் குறையும். வங்கிப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை பதிவு போட்டுக்கொள்ள வேண்டும்.

எதற்காக இவ்வளவு? அந்தப் பணம் பிள்ளையுடையது. பாதுகாவலர் அதைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே. நிதியைக் கையாடினாலோ, பராமரிப்பில் அலட்சியம் காட்டினாலோ பாதுகாவலரை நீக்கக் கோர சட்டத்தில் இடமுண்டு. நேர்மையாக நடப்பவர்களுக்கும் இந்த நோட்டுதான் துணை. பெற்றோருக்குப் பின் அண்ணனோ சித்தியோ பொறுப்பேற்க நேர்ந்தால், புதிதாக நியமனம் பெற வேண்டும். அப்போது என்ன இருக்கிறது, என்ன மாத்திரை, எந்த மருத்துவமனை என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்வது இந்த நோட்டாகத்தான் இருக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலர் மாற்றுத்திறனாளியோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்ற திசையைக் காட்டுகிறது. ஆகவே நோட்டு எழுதும்போது பிள்ளையையும் அருகில் உட்கார வையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். வாங்கிய பொருளின் படத்தை ஒட்டுவது, நாணயத்தை எண்ணிக் கொடுப்பது, தனக்கு வேண்டியதைக் காட்டுவது என்று ஒவ்வொருவராலும் இயன்ற பங்கு இருக்கும். வகுப்பில் நாம் கற்றுத்தரும் பணப் பயன்பாட்டுப் பாடமும் இதுவே.

கணக்கு தர வேண்டிய ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. தம்பி தங்கைகளைச் சேர்க்கப் பெற்றோரும் நம்மிடம் வருகிறார்கள். அந்தச் சந்திப்பில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: பிள்ளைக்கு 18 வயது எப்போது நிறைகிறது? ஆவணங்களில் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? சான்று ஏற்கெனவே வாங்கியிருந்தால், இந்த ஆண்டுக் கணக்கைக் கொடுத்தாயிற்றா?