பாராசூட் விரிந்தால் போதுமா? தண்ணீர் புகாமல் இருக்க வேண்டாமா?

வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும் பெட்டி கடலைத் தொட்டதும் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அங்கேதான் ஆரம்பம்!

1960களில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளைப் பெட்டியில் வைத்துப் பூமிக்கு அனுப்பின. பாராசூட்டில் இறங்கும் பெட்டியை விமானம் அந்தரத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும்! பிடி தவறிக் கடலில் விழுந்தால்? மிதக்கும்! ஆனால் அதன் அடியில் ஓர் அடைப்பு இருந்தது. எதனால் செய்தது தெரியுமா? உப்பால்! இரண்டே நாளில் அது கடல்நீரில் கரைந்துவிடும், பெட்டி மூழ்கிவிடும்! எதிரி கையில் சிக்கக் கூடாதே! முதலில் ஒழுகவே கூடாது, பிறகு ஒழுகியே ஆக வேண்டும்! என்ன மூளை பாருங்கள்!

சூடான பெட்டி குளிர்ந்த கடலில் சட்டென்று முங்கினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்! மயிரிழை இடுக்கு இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும்!

அந்த இடுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? பஞ்சர் கடையில் டியூபில் காற்றடித்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே வித்தைதான்! அதற்கும் சிக்காத நுண்ணிய ஓட்டைகளுக்கு? ஹீலியம் வாயுவைச் செலுத்தி, அது கசிகிறதா என்று பார்ப்பார்கள்!

1961 ஜூலை 21. அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் பயணித்த லிபர்ட்டி பெல் 7 விண்கலம் பாராசூட்டில் பத்திரமாக அட்லாண்டிக்கில் இறங்கியது. ஆனால் கதவு திடீரெனத் திறந்துகொண்டது! கிரிஸம் நீந்தித் தப்பினார், கலம் மூழ்கியது! மீட்டது எப்போது தெரியுமா? 38 ஆண்டுகள் கழித்து, 1999இல்!

1964இல் கலிஃபோர்னியாவின் டௌனியில் அப்பல்லோ மாதிரிக் கலம் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். அடிக்கவசம் உடைந்து மூழ்கியே போனது! நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை! 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 கலமோ கடலில் தலைகீழாகவே கவிழ்ந்தது! காற்றடைத்த 3 பைகள்தான் அதை நிமிர்த்தின!

இப்படிக் கலங்களைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதற்கென்றே நாசாவின் லாங்லி மையத்தில் ஒரு குளம் உண்டு! 115 அடி நீளம், 90 அடி அகலம், 20 அடி ஆழம்!

நம் நாட்டிலும் நடந்தது தெரியுமா? 2007 ஜனவரி 22 அன்று இஸ்ரோவின் 550 கிலோ கலம் வங்கக் கடலில் விழுந்து மிதந்தது! 2014 டிசம்பர் 18 அன்று 3.7 டன் மாதிரிக் கலம் 31 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டுகளில் தொங்கியபடி அந்தமான் பக்கம் இறங்கியது! கடலோரக் காவல்படை அதை மீட்டு எங்கே கொண்டுவந்தது தெரியுமா? நம் எண்ணூர்த் துறைமுகத்துக்கு!