பத்து லட்சத்தில் ஐந்தாறு

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால் சென்னை ஐ.ஐ.டி. பக்கம்தான். அங்கே இயற்பியலாளர் ஜேம்ஸ் லிபியின் குழு ஆராயும் மோதல்கள் நடப்பதோ ஜப்பானின் சுகுபாவில், ‘பெல் 2’ என்ற பெரும் கருவிக்குள்.

மூன்று கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையங்களில் எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் எதிரெதிரே ஓடி மோதுகின்றன. மோதலின் ஆற்றல் அளந்து வைத்தது. இரண்டு பி மேசான்கள் பிறக்கப் போதும். கூடவே பையான் என்ற இலேசான மேசான் ஒன்று பிறக்கக்கூட மிச்சமிருக்காது. மேசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள். பி மேசானின் ஆயுள் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்கு. அதற்குள் அது நகர்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. பிறகு சிதைந்துவிடும். சிதையும் வழிகள் நூற்றுக்கணக்கில் உண்டு; தேடப்படுபவை மிக அரிதாக நிகழ்பவை.

ஏன் அரிதானவற்றை? அவற்றுக்கு நேர்வழி கிடையாது, சுற்றுவழிதான். நாம் இன்னும் காணாத கனமான துகள் ஒன்று இருந்தால், அதன் சிறு பங்குகூட அங்கே எண்ணிக்கையை மாற்றிவிடும். நடந்த கதைதான் இது. நடுநிலை கேயான் என்ற மேசான், எலெக்ட்ரானின் கனமான உறவான மியூவான்கள் இரண்டாகச் சிதைவது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அதை ஈடுகட்ட நான்காவது குவார்க் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1970-ல் கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் வாதிட்டார்கள். 1974 நவம்பரில் அது இரண்டு ஆய்வகங்களில் அகப்பட்டது.

பெல் 2 தேடிய சிதைவில் பி மேசான் ஒரு கேயானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் உடைகிறது. நியூட்ரினோ கருவியில் சுவடே பதிக்காது. கல்லாவில் வைத்த தொகை தெரிந்தால் காணாமல் போனது எவ்வளவு என்று சொல்லலாம் அல்லவா, அதே கணக்குதான்: மோதலின் மொத்த ஆற்றலிலிருந்து பதிவான துகள்களின் ஆற்றலைக் கழிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலை கேயானும் சில சமயம் கருவியின் கண்ணில் படாமல் நழுவி, நியூட்ரினோ போலவே ஆற்றலைக் குறையச் செய்யும். அது எவ்வளவு அடிக்கடி நழுவுகிறது என்பதை வேறு சிதைவுகளை வைத்துச் சரிபார்த்துத் திருத்திய பிறகே எண்ணிக்கைக்குப் போனார்கள். முடிவைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சுமார் 39 கோடி பி ஜோடிகளை அலசிய முடிவு 2023-ல் வெளியானது. இன்றைய கோட்பாட்டின்படி பத்து லட்சம் பி மேசான்களில் ஐந்தாறு இப்படிச் சிதைய வேண்டும். அளந்ததோ 23, ஏழு கூடலாம் குறையலாம். இப்படியொரு சிதைவு நடப்பதற்கு இதுவே முதல் சான்று. ஆனால் கோட்பாடு தவறு என்று சொல்ல இது போதாது. விலகல் பிழையளவைப் போல் ஐந்து மடங்கு இருந்தால்தான் இயற்பியலில் ‘கண்டுபிடிப்பு’ என்பார்கள். இது மூன்று மடங்கைக்கூடத் தொடவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்தத் துறையின் கோட்பாட்டுப் பக்கமும் தென்சென்னையில் உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது ராகுல் சின்ஹாவும் சகாக்களும், மியூவான் ஜோடி வெளிவரும் இன்னொரு அரிய பி சிதைவில் துகள்கள் கிளம்பும் கோணங்களை வைத்துக் கோட்பாட்டைச் சோதிக்கும் வழிகளை எழுதியிருக்கிறார்கள்.

23 நிலைக்குமா, ஐந்தாறை நோக்கி இறங்குமா என்பதற்கு இன்னும் மோதல்கள் வேண்டும். 2022-ல் பராமரிப்புக்காக நிறுத்திய சுகுபா வளையங்கள் 2024 தொடக்கத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தன.