பேரப்பிள்ளைகளைப் பிரிந்து பாடம் சொல்லப் போகும் தம்பதிகள்

58 வயதிலோ 60 வயதிலோ மாலை போட்டு, பரிசு கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து ஆபீசிலிருந்து அனுப்பி வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வது? பிராவிடண்ட் பண்டு பணத்தில் ஊரில் சின்னதாக ஒரு வீடு, மகளுக்குக் கல்யாணம், பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது, மாலையில் கோயில். நம்மவர் போடும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேறு மாதிரிக் கணக்குப் போடும் தம்பதிகள் இருக்கிறார்கள். ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டி, சாவியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியுமாக ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று புறப்பட்டு விடுகிறார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக இந்தப் பயணம் இல்லை. இதற்குச் சம்பளமும் கிடையாது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் வேதப்பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்.

யார் இவர்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களுடைய சபையின் பெயர். 1830 ஏப்ரல் 6-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இதை ஆரம்பித்தார். தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி. உலகம் இவர்களை 'மார்மன்கள்' என்றே அழைத்து வந்தது. சபையின் முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018-ல் அதன் தலைவர் கேட்டுக்கொண்டார்.

பைபிளோடு 'மார்மன் புஸ்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாகக் கொள்கிறார்கள். இந்தக் காரணத்தாலும் வேறு சில கொள்கைகளாலும் மற்ற கிறிஸ்தவ சபையார் பலர் இவர்களைத் தங்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. இவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ல் கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்புச் சொன்னது. மது, புகையிலை இரண்டும் இவர்களுக்கு விலக்கு. காபியும் டீயும்கூடக் கூடாது. காலையில் பில்டர் காபி இல்லாமல் கண் விழிக்காத நம்மவருக்கு இது ஒன்றே போதும், வியப்பதற்கு!

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டை அணிந்து இரண்டு இரண்டு பேராகத் தெருவில் நடந்து போகும் வெள்ளைக்கார வாலிபர்களைப் பெரிய நகரங்களில் பலர் பார்த்திருக்கலாம். ஆண்களுக்கு இந்த ஊழியம் இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். 18 வயசுப் பையனின் பட்டையிலும் 'எல்டர்' என்றுதான் எழுதியிருக்கும். எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத மூப்பர்! இந்தப் பட்டம் வயசுக்கும் பொருந்தி வருவது நாம் பேச வந்த தம்பதிகளுக்குத்தான்.

சொந்தப் பணத்தில் ஊழியம்

தம்பதிகளுக்கு விதிமுறைகள் உண்டு. வீட்டில் தங்களை நம்பியிருக்கும் சிறு குழந்தைகள் இருக்கக் கூடாது. டாக்டர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். உள்ளூர் சபைத் தலைவர் கூப்பிட்டுப் பேசி, சிபாரிசு செய்ய வேண்டும். இன்ன நாடு, இன்ன வேலை என்று விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் அது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. உத்தரவு தலைமையிடத்திலிருந்து வரும். முன்பு அது தபாலில் கனத்த கவரில் வந்தது. பிள்ளைகள், பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்திருக்க, கவரைக் கிழித்துப் படிப்பது அந்த வீடுகளில் ஒரு விசேஷம். 2018 முதல் அழைப்பு கம்ப்யூட்டர் வழியாகவே வரத் தொடங்கியது.

செலவுதான் பெரிய கேள்வி. சாப்பாடு, சொந்தச் செலவு, வைத்திய இன்சூரன்ஸ் எல்லாம் தம்பதியின் பொறுப்பு. வீட்டு வாடகை அதிகமான நாடுகளில் பென்ஷன்காரர்கள் தடுமாறினார்கள். ஆகவே 2011-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். குடியிருப்புச் செலவில் மாதம் 1,400 டாலர் வரையில் தம்பதி கொடுத்தால் போதும், அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்கும் என்றார்கள். முழுக் காலமும் போக முடியாதவர்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் என்றும் போகலாம் என்று அப்போதே சொன்னார்கள்.

இளம் மிஷனரிகளைப் போல இவர்கள் வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டியதில்லை. கடுமையான நேர அட்டவணையும் இல்லை. ஆபீஸ் வேலை, நிவாரண வேலை, வைத்திய உதவி, வம்ச வரலாற்று ஏடுகளைச் சேகரிப்பது என்று பல பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் வாலிபர்களுக்கு வேதப்பாடம் நடத்துவது.

மனைவி வீட்டில் நின்ற காலம்

கணவனும் மனைவியும் சேர்ந்து போவது ஆதியில் இருந்த வழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் கணவன் மட்டுமே போனான். மனைவி குழந்தைகளையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றாள்.

அப்படிப் புறப்பட்ட ஒருவர் நம் சென்னைக்கே வந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ரிச்சர்ட் பாலன்டைன் என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849 டிசம்பரில் சால்ட் லேக் சிட்டியில் தம் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்து அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர். 1852-ல் இந்தியாவுக்குப் போகும்படி உத்தரவாயிற்று. மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்து, 1853-ல் மதராஸ் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் இங்கே இருந்து உழைத்தார். சேர்ந்தவர்களோ சிலரே. 1855-ல்தான் அவர் வீடு திரும்பினார். மூன்று வருஷம் வீட்டைத் தாங்கியவள் மனைவி. சபைச் சரித்திரத்தில் ஊழியக்காரர் என்று எழுதப்பட்டது கணவன் பெயர் மட்டுமே.

இன்று போகும் தம்பதிகளில் மனைவியின் சட்டையிலும் அதே கறுப்புப் பட்டை இருக்கிறது. வகுப்பை இருவரும் மாறி மாறி நடத்துகிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இளம் மிஷனரிகளுக்கு ஜோடி யார் என்பதைத் தலைமை தீர்மானிக்கும். இவர்களுக்கு ஜோடி கல்யாணத்தன்றே தீர்மானமாகிவிட்டது. ஆனால் நாற்பது வருஷம் காலையில் ஆபீஸ் போய் மாலையில் திரும்பிய மனிதர், முதல் தடவையாக இருபத்து நாலு மணி நேரமும் மனைவியோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு பாடம்தானே!

மாலை நேர வகுப்பு

வாலிபர்களுக்கான இந்த வகுப்புக்கு 'இன்ஸ்டிட்யூட்' என்று பெயர். இது தொடங்கிய கதையும் ஒரு தம்பதியின் கதைதான். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 1912-லேயே சால்ட் லேக் சிட்டியில் 'செமினரி' வகுப்பு வந்துவிட்டது. கல்லூரிக்குப் போனவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. வீட்டை விட்டு வந்த பையன்கள் ஹாஸ்டலில் இருந்தார்கள். விஞ்ஞானமும் தத்துவமும் படித்தார்கள். வீட்டில் கேட்டது ஒன்று, வகுப்பில் கேட்டது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் யாரிடம் போய்க் கேட்பது?

தென் ஆப்பிரிக்காவில் ஊழியம் முடித்து வந்திருந்த வைலி செஷன்ஸ் என்பவரை 1926-ல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ என்ற ஊருக்கு அனுப்பினார்கள். (ரஷ்யாவின் மாஸ்கோ வேறு.) அங்கே ஒரு யூனிவர்சிட்டி உண்டு. மனைவி மாக்டலனும் உடன் போனார். பின்பற்ற முன்மாதிரி எதுவும் இல்லை. யூனிவர்சிட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 1928-ல் அது பிரதிஷ்டை ஆயிற்று. அந்த விதையிலிருந்து முளைத்தவைதான் இன்று பல நாடுகளில் நடக்கும் இன்ஸ்டிட்யூட் வகுப்புகள்.

வயது 18-ஐத் தாண்டியவர்களுக்கு உரியது இது. கல்லூரியில் படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் வரலாம். பெரும்பாலும் வாரத்தில் ஒரு மாலை நடக்கும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் பாடம். ஆசிரியர் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதை இந்த வகுப்பில் விரும்புவதில்லை. வசனத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதைப் பற்றிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரையில் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுத்திருப்பதுதான் கஷ்டம். சும்மா இருப்பது நாற்பது வருஷம் அதிகாரியாகவோ வாத்தியாராகவோ இருந்தவருக்கு லேசில் வருமா?

பாஷையும் ஒரு தடை. வேற்று நாட்டில் தாத்தாவின் உச்சரிப்பை மாணவர்களே திருத்த வேண்டியிருக்கும். ஆனால் அதுவும் நல்லதற்கே. தவறு செய்து சிரிக்கத் தெரிந்த ஆசிரியரிடம் மாணவர்களுக்குப் பயம் விட்டுப் போகிறது.

பாடத்தைவிடப் பெரியது

வகுப்பு முடிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுப்பது பல இடங்களில் வழக்கம். பாட்டி சுட்ட கேக் தீர்ந்த பிறகும் ஒரு பையன் போகாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றால், அவனுக்கு ஏதோ பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். வேலை போன விஷயமாக இருக்கலாம். காதல் விஷயமாக இருக்கலாம். சபையை விட்டே போய்விடலாமா என்ற யோசனையாகவும் இருக்கலாம். தகப்பனாரிடம் சொன்னால் கோபம் வரும். கூட்டாளிகளிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். ஒன்றரை வருஷத்தில் ஊருக்குத் திரும்பிப் போய்விடப் போகும் தாத்தாவிடம் சொல்லலாம்.

ஊரை விட்டு வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெஸ்ஸில் சாப்பாடு கிடைக்கும், லீவு நாளில் சினிமாவும் கிடைக்கும். "என்னப்பா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்கப் பெரியவர் ஒருவர் கிடைப்பதுதான் அபூர்வம்.

எல்லாரும் தங்கிவிடுவதில்லை. சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சிலர் சபையையே விட்டுவிடுகிறார்கள். இத்தனை செலவு செய்து வந்த வயோதிகருக்கு அது வேதனைதான். என்றாலும் அடுத்த வாரம் அதே மணிக்கு விளக்கைப் போட்டு, நாற்காலிகளைப் பிரித்துப் போட வேண்டும். வருகிறவர் மூன்று பேரானாலும் பாடம் உண்டு.

நம் நாட்டில்

1851-ல் கல்கத்தாவுக்கு இந்தச் சபையின் முதல் மிஷனரி வந்தார். 1856-க்குள் அந்த முயற்சி முடிந்து போயிற்று. பிறகு நூறு வருஷ இடைவெளி. கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் 1954-ல் இந்தச் சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்தார். சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதினார். விடாமல் எழுதி, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். மார்மன் புஸ்தகத்தைத் தமிழாக்கும் வேலையிலும் அவர் ஈடுபட்டார்.

அடுத்து வந்தது ஒரு தம்பதி. எட்வின் தர்மராஜுவும் அவர் மனைவி எல்சியும் ஆந்திரத்துக்காரர்கள். சமோவா தீவில் வசித்தபோது 1977-ல் இந்தச் சபையில் சேர்ந்தார்கள். 1978 டிசம்பரில் இருவரையும் குறுகிய கால ஊழியத்துக்கு ஐதராபாத் அனுப்பினார்கள். பாடம் கேட்டவர்கள் பெரும்பாலும் சொந்த உறவினர்களே. அந்த மாதத்திலேயே 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எல்சியின் தகப்பனாரோ பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் அவரே.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1993-ல் இந்தியாவுக்குத் தனி மிஷன் ஏற்பட்டது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருந்த குர்சரண் சிங் கில் அதன் முதல் தலைவர். இந்தியாவின் முதல் மார்மன் ஆலயமும் பெங்களூருக்கே என்று 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் அடிக்கல் விழா நடந்தது.

கொடுக்கும் விலை

இளம் மிஷனரிகள் முன்பு வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டுக்குப் போன் செய்யலாம். 2019 முதல் வாரம் ஒரு தடவை பேசலாம் என்றார்கள். வயதான தம்பதிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தினமும்கூடப் பேரப்பிள்ளைகளோடு பேசலாம், படத்தில் முகமும் பார்க்கலாம். ஆனால் முகம் பார்ப்பது வேறு, மடியில் வைத்துக்கொள்வது வேறு. அவர்கள் இல்லாத சமயத்தில் பேத்தி பிறக்கிறாள், நடக்கவும் பழகிவிடுகிறாள். கூடப் பிறந்தவர்கள் இறந்து போகிறார்கள். எழுபதை நெருங்கும் வயதில் இரண்டு வருஷம் என்பது சின்னக் கணக்கு இல்லை.

ஆதலால் புறப்படத் தயங்குகிறவர்களும் அந்தச் சபையில் நிறைய உண்டு. தம்பதிகள் இன்னும் தேவை என்று தலைமை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதே இதற்குச் சாட்சி.

காலம் முடிந்ததும் விடுவிப்பு உத்தரவு வருகிறது. பெயர்ப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எல்டராகவும் சிஸ்டராகவும் இருந்தவர்கள் மறுபடி தாத்தாவும் பாட்டியுமாக ஊர் திரும்புகிறார்கள். விமான நிலையத்தில் ஓடி வர வேண்டிய பேத்தி, தாயின் புடவைக்குப் பதிலாக அந்த ஊர் வழக்கப்படி கவுனைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிகிறாள். அவளோடு பழக நாலைந்து நாள் ஆகும். தாத்தா பொறுத்திருப்பார். பதில் வரும்வரை பொறுத்திருக்க இரண்டு வருஷமாகப் பழகியவர் அல்லவா!