இரும்பு ஒட்டுவேலையும் கண் பாதுகாப்பும்: வேலைக்கேற்ற முகக்கவசத்தைத் தெரிந்தெடுத்தல்

மாரிப்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் முடிந்து, நீர் திறக்கும் நாள் குறிக்கப்பட்டதும், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், நிந்தவூர் முதலிய இடங்களிலுள்ள வெல்டிங் பட்டறைகளின் முன்னே உழவு இயந்திரங்கள் நிற்கத் தொடங்கும். சென்ற போகத்தில் வளைந்துபோன கேஜ்வீலின் சட்டங்கள், முறிந்த கலப்பைத் தண்டு, கறல் தின்ற இழுவைப் பெட்டியின் அடித்தட்டு ஆகிய யாவும் அந்தச் சில நாட்களுக்குள் திருத்தப்படல் வேண்டும். பட்டறையில் ஆட்கள் போதாமையால், உடைந்த இரும்பைக் கொண்டுவந்த விவசாயியே அதனைப் பிடித்துக் கொடுப்பது வழக்கம். ஒட்டுபவரின் முகத்தில் கவசம் உண்டு. பிடிப்பவர் தலையைச் சற்றே திருப்பிக்கொள்கிறார். அன்றிரவு நடுச்சாமத்தில் அவர் கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போன்ற நோவுடன் எழுந்திருக்கிறார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வட்டைக்குப் போக இயலாது. அவருக்குரிய நீர் முறை அவருக்காகக் காத்திராது.

அண்மைக் காலத்தில் இன்னொரு மாறுதலும் ஏற்பட்டுள்ளது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய இன்வேட்டர் வெல்டிங் இயந்திரங்களை விவசாயிகள் தாமே வாங்கி, வீட்டு வளவில் வைத்து வேலை செய்கின்றனர். இயந்திரத்தை விசாரித்து வாங்குபவர், கவசத்தைக் கடைக்காரர் கொடுத்தபடியே வாங்கி வருகிறார். எல்லா வேலைக்கும் ஒரே கவசம் பொருந்தாது என்பதை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கம்மாலை நெருப்பும் மின்வில்லும்

முற்காலத்தில் கொழுவைக் கம்மாலைக்குக் கொண்டு சென்று, கொல்லர் அதனைக் காய்ச்சி அடித்துத் தருமட்டும் உலைமுன் குந்தியிருந்து பார்ப்பது நம்மவர் வழக்கம். அந்த நெருப்பைப் பார்த்துப் பழகிய கண் வெல்டிங் ஒளியையும் அவ்வாறே பார்க்கலாம் என்று எண்ணுகிறது. இவ்வெண்ணம் தவறானது. உலை நெருப்பிலிருந்து வருவன பெரும்பாலும் வெப்பமும், வெப்பத்தைக் கொண்டுவரும் செந்நிறக்கீழ்க் கதிர்களுமேயாகும். அவையும் முற்றாகத் தீங்கற்றவை அல்ல. கண்ணாடித் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்காக உலைமுன் நின்றோருக்குக் கண்புரை உண்டாவது கண்டு, வில்லியம் குறூக்ஸ் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கேடான கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி வகைகளை ஆராய்ந்து, தமது முடிவுகளை 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும் உலையில் ஒரு நாள் நெருப்பைப் பார்த்ததனால் ஒருவருக்கு அன்றிரவே கண் நோவதில்லை.

மின்வில்லோ வேறு வகையினது. அதிலிருந்து செந்நிறக்கீழ்க் கதிர்களுடன் ஊதாக் கடந்த கதிர்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படா. கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலத்தை இவை வெயில் தோலைச் சுடுவதுபோலச் சுட்டுவிடுகின்றன. சுட்ட வேளையில் நோவு தெரிவதில்லை; ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னரே தெரியும். ஆதலால் பகலில் செய்த பிழையை இரவில் உணர்கிறோம். இவற்றோடு மின்வில்லின் வெள்ளொளியும் விழித்திரையைத் தாக்கக்கூடியது. அங்கு உண்டாகும் காயம் ஆறாமலும் போகலாம்.

கண்ணாடியின் எண்

கவசத்தில் பொருத்தும் கருங்கண்ணாடியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது அதனையே. எண் ஒவ்வொன்றாகக் கூடுந்தோறும் உட்புகும் ஒளி முன்னையதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைந்துபோகும். 3ஆம் எண் கண்ணாடி நூறில் பதினான்கு பங்கு ஒளியை விடும். 5ஆம் எண் நூறில் இரண்டு பங்கை விடும். 10ஆம் எண்ணோ ஏழாயிரத்தில் ஒரு பங்கையே விடும். ஆகவே வாயு ஒட்டுவேலைக்குரிய 5ஆம் எண் கண்ணாடியை அணிந்து மின்வில்லைப் பார்ப்பவரின் கண்ணுக்குள், 10ஆம் எண்ணை அணிந்தவருக்குச் செல்வதிலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட ஒளி செல்கிறது. சந்தையில் விற்கும் சாதாரண வெயிற் கண்ணாடி ஏறத்தாழ 3ஆம் எண்ணுக்குச் சமமானது, பக்கங்களும் திறந்தவை. அதனை அணிந்து மின்வில்லின் அருகே நிற்பது வெறுங்கண்ணோடு நிற்பதிலும் பெரிதாக மேலன்று.

5ஆம் எண் கண்ணாடிகள் இரண்டை அடுக்கினால் 10 ஆகிவிடும் என்று கருதுவோரும் உளர். அவ்வாறு அடுக்கினால் கிடைப்பது 9 மாத்திரமே.

வேலைக்கு ஏற்ற எண்

நம் பகுதியில் மிகுதியும் நடைபெறுவது குச்சி வெல்டிங். கடைகளில் 12 கேஜ், 10 கேஜ் என்று கேட்டு வாங்கப்படும் குச்சிகள் முறையே ஏறத்தாழ 2.5, 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ளவை. முதலாவதற்கு 60 முதல் 90 அம்பியர் வரையிலும், இரண்டாவதற்கு 90 முதல் 130 அம்பியர் வரையிலும் மின்னோட்டம் வைப்பர். கோண இரும்பு, படலைச் சட்டம், கேஜ்வீலின் குறுக்குச் சட்டம் முதலியன இவற்றுள் அடங்கும். 60 அம்பியர் முதல் 160 அம்பியர் வரை 8ஆம் எண்ணுக்குக் குறைந்த கண்ணாடி ஆகாது. 10ஆம் எண்ணே தக்கது. இழுவைப் பெட்டியின் அச்சு, தடித்த கலப்பைச் சட்டம் போன்றவற்றுக்கு 4 மில்லிமீற்றர் குச்சியை எடுத்து 160 அம்பியருக்கு மேற்செல்லும்போது 10ஆம் எண் ஆகக் குறைந்த எல்லையாகிவிடும். 11 அல்லது 12 நன்று. கம்பிச் சுருளும் காப்பு வாயுவும் கொண்டு ஒட்டும் இயந்திரத்துக்கு 60 முதல் 160 அம்பியர் வரை குறைந்தது 10ஆம் எண்ணும், சிறப்பாக 11ஆம் எண்ணும் வேண்டும்.

ஒட்சிசன், அசற்றலீன் வாயுக்களைக் கொண்டு ஒட்டும்போது ஒளி மிகக் குறைவு. எட்டிலொரு அங்குலத்துக்குக் குறைந்த தகட்டுக்கு 4 அல்லது 5, அதற்கு மேல் அரை அங்குலம் வரை 5 அல்லது 6 போதுமானது. ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட இரும்பை வாயுவினால் வெட்டுவதற்கு 3 அல்லது 4 போதும். இங்கே 10ஆம் எண்ணை அணிந்தால் சுவாலையே தெரியாது. தெரியாதபோது கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய மனம் வரும். கண்ணாடி அளவுக்கு மிஞ்சிக் கறுத்திருப்பதும் ஒரு குறைபாடே. உருகிய இரும்பின் விளிம்பு தெரியாமையால் ஒட்டுபவர் முகத்தை மிக அருகே கொண்டு செல்கிறார். ஒட்டும் பழுதாகிறது, புகையும் நேரே மூக்கிற் சென்று சேர்கிறது. ஆதலால் முதலில் கறுப்புக் கூடியதை இட்டுப் பார்த்து, ஒட்டும் இடம் தெளிவாகத் தெரியுமளவும் எண்ணைக் குறைத்து வருதல் வேண்டும். மேலே சொன்ன கீழெல்லையைக் கடத்தலாகாது.

கைக்கவசமும் தலைக்கவசமும்

கைப்பிடியுடன் கூடிய கைக்கவசம் மலிவானது. மேசை மேல் வைத்து ஒட்டும் சிறு வேலைக்கு அது போதும். ஆனால் ஒரு கை கவசத்துக்கும் மறுகை குச்சிக்கும் போய்விடுவதால் இரும்பைப் பிடிக்கக் கை இராது. அப்போது முழங்காலாலோ காலாலோ அழுத்திப் பிடிக்க நேரும். மழைக்காலத்தில் ஈர நிலத்தில் அவ்வாறு செய்வது மின்தாக்கத்துக்கு வழியாகும். கேஜ்வீல் போன்ற உருண்டு போகும் பொருளுக்குத் தலையில் மாட்டும் கவசமே வேண்டியது.

இழுவைப் பெட்டியின் கீழே படுத்து மேல்நோக்கி ஒட்டுபவருக்கு, எண்ணைக் காட்டிலும் கவசத்தின் நீளமே முக்கியமானது. நாடிக்குக் கீழே கழுத்துவரை இறங்காத கவசத்தின் ஊடாக உருகிய துளிகள் சட்டைக்குள் விழும். தோற்துண்டு ஒன்றைக் கவசத்தின் கீழ்விளிம்பிற் தொங்கவிடுதல் நல்ல வழி. வயலோரத்தில் நண்பகல் வெயிலில் ஒட்டுபவர், முதுகுப் புறத்திலிருந்து வரும் ஒளி கண்ணாடியின் உட்பக்கத்தில் பட்டுத் தெறிப்பதனால் பார்வை மயங்குவர். தலையின் பின்புறத்தை ஒரு துணியால் மூடிக்கொண்டால் இக்குறை தீரும்.

ஒட்டி முடிந்ததும் கவசத்தை உயர்த்திவிட்டுச் சுத்தியலால் கசடைத் தட்டுவதும், கிறைண்டரைப் போட்டு மட்டஞ் செய்வதும் யாவரும் செய்வது. கண்ணில் இரும்புத் துகள் தைப்பது பெரும்பாலும் இவ்வேளையிலேதான். கருங்கண்ணாடியை மாத்திரம் மேலே தூக்கக்கூடியதும், அதன் கீழே தெளிந்த பொலிகாபனேற்றுத் தகடு நிற்பதுமான கவசம் கிடைக்கிறது. பழைய இரும்பைத் திருத்துபவருக்கு இதுவே மிகவும் பயன்படுவது என்பது எனது கருத்து. புதிய வேலையைக் காட்டிலும் பழைய வேலையிற் கறலும் கசடும் கூடுதலாக இருக்கும்.

கடலோரத்து மணல் நிலங்களில் தோட்டஞ் செய்வோர் நீர்ப்பம்பிக் குழாய்களை ஒட்டுவிப்பர். நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகையை எந்த முகக்கவசமும் தடுக்காது. அதனைச் சுவாசித்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் காணும். பூச்சை முன்னரே அராவி நீக்கி, காற்றுப் பக்கவாட்டில் வீசும்படி இருந்து ஒட்டுவதே பாதுகாப்பு.

தானாகக் கறுக்கும் கவசம்

1981ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் விற்பனைக்கு வந்த இவ்வகைக் கவசம் இன்று நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஒட்டுமுன் அது 3ஆம் அல்லது 4ஆம் எண் அளவே கறுத்திருக்கும். குச்சி இரும்பிற் பட்டு ஒளி எழுந்தவுடன், ஒரு செக்கனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துள், குறித்த எண்ணுக்குக் கறுத்துவிடும். அடிக்கடி சிறு சிறு புள்ளிகளாக ஒட்டுபவருக்கு இது பெரும் உதவி. சாதாரணக் கவசத்தை ஒவ்வொரு முறையும் இறக்கச் சோம்பி, கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைக்கும் கெட்ட பழக்கத்தை இது ஒழிக்கும். நல்ல கவசத்தில் ஊதாக் கடந்த கதிரையும் செந்நிறக்கீழ்க் கதிரையும் தடுக்கும் வடி கறுக்குமுன்னரும் தொழிற்படும். ஆதலால் பற்றரி இறந்தாலும் அக்கதிர்கள் உட்புகா. எனினும் கூசும் வெள்ளொளி உட்புகும். அந்நிலையில் தொடர்ந்து வேலை செய்யலாகாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒளியை உணரும் சிறு கண்கள் கவசத்தின் முன்புறத்தில் உள்ளன. மலிவானவற்றில் இரண்டும், விலை கூடியவற்றில் நான்கும் இருக்கும். கேஜ்வீலின் சட்டங்களுக்கு நடுவே தலையை நுழைத்து ஒட்டும்போது ஒரு சட்டம் அக்கண்களை மறைத்துவிடலாம். மறைத்தால் கண்ணாடி ஒட்டின் நடுவிலேயே வெளுத்துவிடும். இத்தகைய வேலை அதிகமுள்ளவர் நான்கு கண் உள்ளதை வாங்குக. அல்லது கேஜ்வீலுக்கு மாத்திரம் பழைய 10ஆம் எண் கண்ணாடிக் கவசத்தை வைத்துக்கொள்க. மாறாக, திறந்த வெயிலில் சூரிய ஒளியே அதனைக் கறுக்கச் செய்யும். உணர்திறனைக் குறைக்கும் திருகு உள்ளதா என்று வாங்கும்போதே பார்த்தல் நலம். ஒரு போகம் முழுவதும் இருட்டறையிற் கிடந்த கவசத்தை எடுத்தவுடன் அணியாது, கையிற் பிடித்து அதன் முன்புறத்தை வெயிலுக்குக் காட்டி, கறுக்கிறதா என்று சோதித்த பின்னரே தலையில் மாட்டுக.

பிடித்துக் கொடுப்பவர்

பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நானும் ஒரு கலப்பைச் சட்டத்தைப் பிடித்துக் கொடுத்து, இரண்டு நாள் இருட்டறையிற் கிடந்தேன். முகத்தைத் திருப்பியிருந்தேன், எதிரே புதுத் தகரவேலி இருந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. வெள்ளையடித்த சுவரும் தகரமும் அக்கதிர்களைத் திருப்பி அனுப்பும்.

ஆகையால் கவசம் வாங்குபவர் இரண்டு வாங்குதல் வேண்டும். இரண்டாவது விலை கூடியதாயிருக்க வேண்டியதில்லை. 10ஆம் எண் கண்ணாடியுள்ள கைக்கவசம் பிடிப்பவருக்குப் போதும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் திருகுப் பிடி ஒன்று இருந்தால் பிடிப்பவரே வேண்டியதில்லை. வேலை நடக்கும் பக்கத்தைத் தடித்த படங்கினால் மறைத்து, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தூர நிறுத்துக. மணிக்கட்டு வரை மூடிய பருத்திச் சட்டையும் தேவை, தோலும் சுடும்.

கண் நோவு கண்டால்

இரவில் நோவு தொடங்கினால் கண்ணைக் கசக்கலாகாது. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு முதலியவற்றை விடுதல் கிருமி சேர்வதற்கு இடங்கொடுக்கும். முன்னொரு முறை மற்றொருவருக்குக் கொடுத்த விறைப்பு மருந்தை வாங்கி விடுவது அதனிலும் கேடானது. நோவு மறையும், ஆனால் படலம் ஆறாது. சுத்தமான துணியை நீரில் நனைத்து மூடிய கண்மேல் இட்டு, இருட்டான இடத்திலிருந்து, விடிந்ததும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குணமாகும். ஒரு கண்ணில் மாத்திரம் உறுத்தல் நின்றாலோ, கிறைண்டர் வேலையின் பின் நோவு தொடங்கினாலோ, அது துகளாயிருக்கலாம். துணி நுனியாலோ நாக்காலோ எடுக்க முயலாது அன்றே வைத்தியரிடம் காட்டுக. பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் விடியும்வரை பொறுத்திருக்கலாகாது.

கருங்கண்ணாடியின் முன்னே இடும் தெளிந்த கண்ணாடி தெறித்த துளிகளால் விரைவில் மங்கிவிடும். அதன் விலை சொற்பம். ஆரம்பக் கூட்டத்துக்குச் செல்லும் வாரத்திலேயே இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்க. கருங்கண்ணாடியில் கீறலோ வெடிப்போ காணப்பட்டால் அதனையும் உடனே மாற்றுக.